வாஸ்து மீனுக்கு வேறு தொட்டி

புதுவீட்டில் பால் காய்ச்சி, முதல் பந்தி நடந்துகொண்டிருந்தபோது என் தாய்மாமன் சென்றாயன் சீரோடு வந்தார். பட்டுப்புடவை, தேங்காய், பழம். இத்தனைக்கும் நடுவே தாம்பாளத்தில் தண்ணீர் நிறைந்த ஒரு பிளாஸ்டிக் பை. பைக்குள் என் உள்ளங்கை அகலத்தில் ஒரு மீன், நெற்றி புடைத்து, யாரைக் கடிக்கலாம் என்று முறைத்துக்கொண்டிருந்தது.

"ஃப்ளவர்ஹார்ன், பானு. வாஸ்து மீனு. தர்மபுரி முழுக்கத் தேடிப் புடிச்சேன். வூட்டுல ஒரு திருஷ்டி அண்டாது. தொட்டியத் தொற, நல்ல நேரம் முடியறதுக்குள்ள வுட்டுடலாம்."

பழைய வீட்டிலிருந்து முன்கூட்டியே கொண்டுவந்து கூடத்தில் வைத்திருந்த மூன்றடித் தொட்டியைத்தான் சொன்னார். அதில் முப்பது நியான் டெட்ரா இருந்தன. சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத மீன்கள். அடியில் மேயும் நாலு கோரி மீன்களும் உண்டு. யாரும் யாரையும் தொந்தரவு செய்வதில்லை. முதன்முதலில் விவரம் தெரியாமல் இரண்டே இரண்டு டெட்ரா வாங்கிவந்தேன். செடிக்குப் பின்னால் ஒளிந்து, இரை எடுக்காமல், ஒரே வாரத்தில் போய்ச்சேர்ந்தன. கூட்டம் இருந்தால்தான் அதுகளுக்குத் தைரியம் என்று அப்புறம்தான் தெரிந்தது. வாராவாரம் தண்ணீர் மாற்றி மூன்று வருடமாக வளர்க்கிறேன். இந்த நெற்றிக்காரனை உள்ளே விட்டால் சாயங்காலத்துக்குள் ஒன்றும் மிஞ்சாது.

"மாமா, இதை இதுங்களோட விட முடியாதுங்க. எல்லாத்தையும் தின்னுடும்."

மாமா சிரித்தார். "தின்னா என்ன கண்ணு? சின்ன மீனு பெரிய மீனுக்குத் தீனி. ஒலக நடப்பு."

உலக நடப்பு! நர்சிங் படிக்கிறேன் என்று நான் அழுத அன்றும் இதைத்தான் சொல்லித் தடுத்தார். மாமன் பேச்சுக்கு மறுபேச்சு இல்லாத குடும்பம் எங்களுடையது. மாமன் சீரை மறுப்பது சபையில் அவரைச் செருப்பால் அடிப்பதற்குச் சமம். தெரிந்தேதான் தொட்டி மூடிமேல் கையை ஊன்றிக்கொண்டேன்.

"முடியாதுங்க மாமா."

அன்று எனக்காக வராத வார்த்தை இன்று மீனுக்காக வந்துவிட்டது. பந்தியில் கைகள் நின்றன. அம்மா குள்ளம்மாள் ஓடிவந்தாள்.

"ஏண்டி, சொந்தக்காரங்க முன்னால மானத்த வாங்குற? வுடு அத உள்ள. இந்தப் பொடி மீனுங்க போனா வேற வாங்கிக்கலாம்."

"முடியாதும்மா. இதுங்களுக்கும் உசுரு ஒண்ணுதான்."

என் கணவர் மதியழகன் ஃபேன் எப்படிச் சுற்றுகிறது என்று ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார்.

மாமாவின் முகம் கறுத்தது. "அப்ப மாமன் சீரு வேணாங்கிற. சரி. இனிமே இந்த வாசப்படிய மிதிக்கமாட்டேன்."

பையைத் தரையில் வைத்துவிட்டு நடந்தார். வாசலில் செருப்பைத் தேடுகிற சாக்கில் நின்றார். நான் ஓடிவந்து கையைப் பிடிப்பேன் என்று அவருக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. அத்தனை கண்ணும் என்மேல் இருந்தது. எனக்குப் பயமாகத்தான் இருந்தது. கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

பைக்குள் அந்த மீன் வாயைத் திறந்து திறந்து மூடியது. பாவம், அதன் பிறவிக்குணம் அப்படி. எவ்வளவு நேரமாகப் பைக்குள் கிடக்கிறதோ, ஒருவரும் கேட்கவில்லை. சமையலுக்கு வாங்கியதில் பயன்படாமல் கிடந்த எவர்சில்வர் அண்டாவை இழுத்துவந்து, தொட்டிக்கென்று மூன்று நாளாகப் பிடித்துவைத்திருந்த தண்ணீரை ஊற்றி, மீனுக்கு அந்தச் சூடு பழகட்டும் என்று முதலில் பையோடு அதில் மிதக்கவிட்டேன். அப்புறம்தான் வாசலுக்குப் போனேன்.

மாமா ஒரு காலில் செருப்பை மாட்டியிருந்தார்.

"சீரை நான் வேணாங்கலைங்க மாமா. பொடவையக் கட்டிக்கறேன். மீனு அண்டாவுல பத்திரமா இருக்கு. பெரிய மீனுக்குத் தனித் தொட்டி வேணும். வாங்கிட்டு வாங்க, பக்கத்துலயே வெச்சு வளக்கறேன்."

"வாங்கிட்டு வரலைன்னா?"

"அண்டாவோட கொண்டாந்து உங்க வூட்டுல எறக்கிடுவேன். ஒலக நடப்பு தெரிஞ்சவரு, நீங்களே வளத்துக்கங்க."

உள்ளே யாரோ சிரித்து, சட்டென்று அதை இருமலாக மாற்றினார்கள். மாமா இன்னொரு செருப்பையும் மாட்டிக்கொண்டு வண்டியை உதைத்துக் கிளம்பினார். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

நான் பின்னால் ஓடவில்லை. உள்ளே வந்து, அடுத்த பந்திக்கு இலை போடச் சொன்னேன்.