முந்நூற்றுப் பன்னிரண்டு பாட்டு

லிஃப்ட் மெக்கானிக்குக்கு உயரத்தைக் கண்டால் பயமில்லை. பதினான்காவது மாடியில் கதவைத் திறந்து வைத்து, கீழே இருண்டு கிடக்கும் குழியைப் பார்த்தபடியே டீ குடிக்கிற ஆள். அவருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், சொந்த வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தபடியே பயம் வந்தது.

புதுக் கணினியில் ஒரே ஒரு வரி: ‘இந்தக் கோப்பைத் திறக்க முடியவில்லை.’ அடுத்ததைத் தொட்டார். அதே வரி. முந்நூற்றுப் பன்னிரண்டுக்கும் அதே வரிதான்.

அவர் மனைவி இருபத்திரண்டு வருடம் கச்சேரிக் குழுவில் பாடியவள். மறுநாள் வரும் திங்களை விட்டு அதற்கடுத்த திங்கட்கிழமை அவளுக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை. குரல்வளையையே எடுக்க வேண்டும், அதற்குப் பிறகு பழைய குரல் இருக்காது என்று டாக்டர் பூசி மெழுகாமல் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியில் கேட்க என் பாட்டையெல்லாம் ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடு என்று கேட்டிருந்தாள்.

ஒன்பது வருடத்துக்கு முன்பு கேசட்டிலிருந்து அத்தனையையும் கணினியில் ஏற்றியவர் மெக்கானிக்தான். வீடு மாறும்போது மூன்று பெட்டி கேசட்டைத் தூக்கிப் போட்டவரும் அவரேதான். இலவசமாகக் கிடைத்த மென்பொருள், தனக்கென்று ஒரு வடிவம் வைத்துக்கொண்டு அதிலேயே எல்லாவற்றையும் பூட்டியிருந்தது. அதைச் செய்த கம்பெனி கடையைக் கட்டிவிட்டது. அதன் இணைய முகவரியில் இப்போது சோபா விற்றார்கள்.

சமையலறையிலிருந்து மனைவி, ஆயிற்றா என்று கேட்டாள். ஆகிக்கொண்டே இருக்கிறது என்றார்.

மச்சானுக்குப் போன் போட்டார். மனைவியின் தம்பி, ஒரு வங்கியில் கணினிகளைப் பார்த்துக்கொள்பவன். பழைய மடிக்கணினி எங்கே என்றுதான் முதலில் கேட்டான். அது மெக்கானிக்கின் பணிமனை அலமாரியில், கிரீஸ் டப்பாக்களுக்குப் பின்னால் கிடந்தது. மச்சானும் அங்கே வந்துவிட்டான். உப்பிப்போன பேட்டரியைக் கழற்றிவிட்டு மின்சாரத்தில் நேராகச் செருகினார்கள். உயிர் வந்தது. புதுக் கணினியில் ஏற மறுத்த மென்பொருள் இதில் இருந்தது, பாட்டும் கேட்டது. ஆனால் உள்ளே வட்டு டிக் டிக்கென்று அடித்துக்கொண்டது. இருபது நிமிடத்தில் சூடாகித் தானே அணைந்தது.

“அத்தான், எம்பி3ல எடுத்தா இன்னைக்கே முடிஞ்சிரும். எதையும் கழிக்காம வேவ்ல எடுத்தா ஒரு பாட்டுக்கு அஞ்சு நிமிஷம். பாதியில இது மண்டையப் போட்டா ஒண்ணும் பண்ண முடியாது.”

மெக்கானிக் ஒரே பாட்டை இரண்டு விதமாகவும் எடுத்துக் கேட்டார். அந்தப் பழைய மென்பொருளின் எம்பி3, காதுக்கு வேண்டாம் என்று தானே முடிவுகட்டிப் பலதைக் கழித்திருந்தது. மேல் ஸ்தாயிக்குப் போகும்போது அவள் இழுக்கிற மூச்சு, தகரத்தில் தேய்த்ததுபோல் கேட்டது. கழித்தது கழித்ததுதான், திரும்பி வராது. எல்லாவற்றையும் மட்டமாகக் காப்பாற்றுவதா, முடிந்ததை முழுசாகக் காப்பாற்றுவதா? இது அவர் தனியாக முடிவெடுக்கிற காரியமில்லை.

வீட்டுக்குப் போய் உண்மையையும், எடுக்க இருக்கிற இரண்டு வழியையும் சொன்னார்.

“எப்பலேர்ந்து தெரியும்?” என்றாள்.

“காலையிலேர்ந்து.”

“என்கிட்ட சொல்ல அவ்வளவு பயமா?”

அவர் தலையாட்டினார். அவள் சொன்னாள்: “முழுசாவே எடு. ஆனா பாட்டு அப்புறம். ஒத்திகையில நான் பேசினது இருக்கும்ல, அத முதல்ல எடு.”

“தபேலாக்காரரத் திட்டினதா?”

“திட்டினது, சிரிச்சது, எல்லாந்தான்.”

மறுநாளிலிருந்து லீவு போட்டார். மடிக்கணினிக்குக் கீழே இரண்டு செங்கல், பக்கத்தில் மேசை விசிறி. பதினைந்து நிமிடம் வேலை, அரை மணி ஓய்வு. முதலில் ஒத்திகைப் பேச்சு, பிறகு பாட்டு. வெளியே வந்த ஒவ்வொரு வேவ் கோப்பையும் மச்சான் ஃப்ளாக் என்ற வடிவத்துக்கு மாற்றினான். அளவு பாதியாகும், ஒலியில் ஒரு துளியும் குறையாது. அதன் வரைபடம் ஊருக்கே தெரியும், அதனால் எந்தக் கம்பெனி மூடினாலும் யாராவது திறந்துவிடலாம் என்றான். உதிரிபாகத்தைப் பூட்டி வைக்கிற கம்பெனியிடம் பாதி ஆயுள் மாரடித்த மெக்கானிக்குக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. பின்னால் எதுவும் சிதைந்தால் தெரியும்படி ஒவ்வொரு கோப்புக்கும் கைரேகைபோல ஓர் எண்ணையும் எழுதி வைத்தான். மூன்று பிரதி: வீட்டில் ஒன்று, மச்சானிடம் ஒன்று, பணிமனையில் ஒன்று.

டிக் சத்தம் ஒவ்வொரு முறை நிற்கும்போதும் மெக்கானிக் மடிக்கணினியில் காதை வைத்துக் கேட்டார்.

சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு, இருநூற்று நாற்பத்தோராவது பாட்டு இறங்கிய பிறகு, சத்தம் நின்றது. திரும்ப வரவில்லை. அணைத்துப் போட்டார், விசிறியைக் கிட்டத்தில் வைத்தார், கெஞ்சவும் கெஞ்சினார். எழுபத்தொரு பாட்டு பூட்டிய கோப்புக்குள்ளேயே போயிற்று. மனைவியிடம் சொல்ல இந்தத் தடவை அவர் தாமதிக்கவில்லை. அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அறுவை சிகிச்சை முடிந்த ஒன்பதாம் நாள், போனவற்றின் பட்டியலைக் கேட்டு எழுதிக் காட்டினாள். விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படித்தாள். ஓர் இடத்தில் நிறுத்தி, பக்கத்தில் எழுதினாள்: ‘இதுல சுருதி விலகிருச்சு. தொலஞ்சதே நல்லது.’

மெக்கானிக் சிரித்தார். கண் கலங்கிவிட்டது.

ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டு, ஒத்திகைப் பேச்சைப் போட்டாள். அவளுக்குக் கேட்பது அவருக்குக் கேட்கவில்லை. உதடு அசைவதிலிருந்து, யாரையோ திட்டுகிறாள் என்று மட்டும் தெரிந்தது. முடிந்ததும் நோட்டை இழுத்து, அவசரமாக எழுதினாள்: ‘மூணு போதாது. இன்னொரு காப்பி போடு.’