உண்மை நேரம்

ஜாஸ்மிக்காக எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தோம். தலைமையாசிரியர் எபிசன் சார் மைக்கை ஆன்றோ சாரிடம் கொடுத்துவிட்டு, அவள் சட்டையில் தங்கநிற நட்சத்திரம் ஒன்றைக் குத்திவிட்டார். "தன் வீடு, தன் அம்மா என்று பார்க்காமல் உண்மை பேசிய குழந்தை" என்றார். ஜாஸ்மி என் மூன்றாம் வகுப்புப் பிள்ளை. முன்பல் விழுந்த இடம் தெரியச் சிரித்தாள். அப்போதுதான் சத்துணவுக் கூடத்தின் வாசலைப் பார்த்தேன். அவளுடைய அம்மா நேசபாய், எங்கள் பள்ளிக்கூடத்துச் சமையல்காரி, கையில் அகப்பையோடு நின்றாள். மைக் கரகரத்ததில் பரிசு எதற்கென்று அவளுக்குக் கேட்டிருக்காது. மகளைப் பார்த்து முகமெல்லாம் சிரிப்பாக நின்றாள். நான் கைதட்டுவதை நிறுத்தவில்லை.

எல்லாம் இந்தச் சவத்துப் பொது அணுகுமுறையால் வந்த வினை. ஜூன் மாதம் நாகர்கோவிலில் ஏதோ பயிற்சிக்குப் போய்வந்த எபிசன் சார் அதைக் கொண்டுவந்து கருங்கல் பக்கத்து எங்கள் சின்னப் பள்ளிக்கூடத்தில் இறக்கினார். ஆசிரியர்கள் எல்லோரும் ஒரே மாதிரி கற்பிக்க வேண்டும், ஒரே மாதிரி பாராட்ட வேண்டும், ஒரே நற்பண்புகளைச் சொல்லித்தர வேண்டும். பிரம்பு கிடையாது, வசவு கிடையாது. கேட்க நன்றாகத்தான் இருந்தது, நானும் தலையாட்டினேன். கடைசிப் பாடவேளைக்கு 'உண்மை நேரம்' என்று பெயர் வைத்தோம். ஒவ்வொரு பிள்ளையும் எழுந்து ஓர் உண்மை சொல்ல வேண்டும். நல்ல உண்மைக்கு நட்சத்திரம்.

முதலில் பிள்ளைகள் பிள்ளைகளாகத்தான் இருந்தார்கள். படுக்கையில் மூத்திரம் போனது, அண்ணன் பென்சிலை ஒடித்தது, இவ்வளவுதான். பிறகு அதுகளுக்கே பிடிபட்டுவிட்டது, தன்னைப் பற்றிச் சொன்னால் வெள்ளி, பெரியவர்களைப் பற்றிச் சொன்னால் தங்கம் என்று. ஷிபின் அவன் அப்பா குடித்துவிட்டு ஓடையில் விழுந்து கிடந்ததைச் சொன்னான். ரிஸ்மா, வாப்பா சவுதியிலிருந்து போன் பண்ணாததால் உம்மா அழுததைச் சொன்னாள். எபிசன் சார் வராந்தாவில் நடப்பதுபோல நின்று கேட்பார். மறுநாள் மத்தியானம் ஆசிரியர் அறையில் அதுதான் பேச்சு. "பிறவு என்னவாம்?" என்று ஆன்றோ சார் சோற்றுக் கையோடு கேட்பார். ஊரான் வீட்டுப் புழக்கடையை எட்டிப்பார்க்க எட்டு வயசுப் பிள்ளைகளை ஏணியாக்கி வைத்திருந்தோம். சீ! படித்தவர்கள் செய்கிற காரியமா இது?

போன வெள்ளிக்கிழமை ஜாஸ்மி எழுந்தாள். "எங்கம்ம பள்ளிக்கூடத்து முட்டைய வீட்டுக்குக் கொண்டு வருவாவ டீச்சர். எனக்கும் தம்பிக்கும் ஆளுக்குப் பாதி."

"சரி மக்களே, இரி" என்று அவசரமாக அடுத்த பிள்ளையை எழுப்பினேன். சன்னலுக்கு வெளியே எபிசன் சாரின் வழுக்கைத் தலை நகராமல் நின்றது.

முட்டைக் கதை எங்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வராத பிள்ளைகளின் முட்டை தினமும் மிஞ்சும். அதைத் தோலுரித்து, இரண்டாக வகுந்து, உப்பும் நல்லமிளகும் தூவி நேசபாய் ஆசிரியர் அறைக்குக் கொண்டுவருவாள். அவள் வருவதற்கு முன்பிருந்தே அதுதான் வழக்கம். எபிசன் சாருக்கு வெள்ளை மட்டுந்தான் ஆகும். கொழுப்பு என்று மஞ்சளைத் தோண்டிச் சன்னல் வழியாகக் காக்காய்க்கு எறிவார். நானும் தின்றிருக்கிறேன், சப்புக்கொட்டிக்கொண்டு. அதில் ஒன்று நேசபாயின் வீட்டுக்குப் போனதாம், அது திருட்டாம்.

நட்சத்திரம் குத்திய அந்தக் காலைக் கூட்டம் முடிந்ததும் ஆசிரியர் கூட்டம், நேசபாயையும் வரச் சொல்லியிருந்தார்கள். பழைய சமையல்காரி ஓய்வுபெற்ற இடத்துக்கு ஆள் வராமல் தற்காலிகமாகச் சேர்த்தவள்தான் நேசபாய். அவளை அனுப்ப வாய்ச்சொல் போதும். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று எபிசன் சார் சொன்னபோது அவள் அழவில்லை, கெஞ்சவும் இல்லை.

"தப்புதான் சாரே. நான் வரல்ல. ஒண்ணு மட்டும் கேக்கேன்" என்றாள். "அவ சொல்லித்தான் எனக்க வேலை போச்சுன்னு பிள்ளைக்கு ஒருநாளும் தெரியப்பிடாது. எனக்கு சொகமில்லன்னு வீட்டுல சொல்லிக்கிடுதேன்."

"அது எப்படி?" என்றார் எபிசன் சார். "இங்க உண்மைய படிச்சுக் குடுக்கோம், வீட்டுல நீ பொய்ய படிச்சுக் குடுப்பியா? உண்மைக்கு ஒரு விலை உண்டுன்னு பிள்ள இப்பமே தெரியணும். நாளைக்கு வகுப்புல வந்து நானே பக்குவமா சொல்லுதேன்."

பக்குவமாக! அந்த வாயில் அந்தச் சொல்!

"நாம தின்ன முட்டைய எந்தக் கணக்குல வைக்க சார்?" என்று கேட்டேன்.

"டீச்சர், அது வேற. எல்லாரும் ஒண்ணுபோல நிக்கதுக்குப் பேருதான் பொது அணுகுமுறை." மற்றவர்கள் ஒன்றுபோலவே நின்றார்கள். ஆன்றோ சார் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மத்தியானமும் நேசபாய்தான் சோறு வடித்தாள். முட்டையும் வந்தது, உப்பும் நல்லமிளகும் தூவி. நான் தட்டைத் தள்ளிவைத்தேன். மற்றவர்கள் என் பங்கையும் சேர்த்துத் தின்றார்கள். இந்த மனுசர்களுக்குத் தொண்டை எப்படித்தான் திறக்கிறது?

மறுநாள் கடைசிப் பாடவேளைக்கு எபிசன் சார் என் வகுப்புக்கு வந்தார். முகத்தில் அந்தப் பக்குவம் எண்ணெயாக வழிந்தது. நடுவில் வந்து நின்று தொண்டையைச் செருமினார். எப்படித் தடுப்பது என்று தெரியாமல் நான் கரும்பலகையை அழித்ததையே மறுபடி அழித்துக்கொண்டிருந்தேன். அவர் வாயைத் திறப்பதற்குள் ஜாஸ்மி கையைத் தூக்கினாள்.

"சார், நான் பொய் சொன்னேன்."

"எது பொய்?"

"எங்கம்ம முட்டை எடுக்கல்ல. ஸ்டாருக்காக நான் சும்மா சொன்னேன். அம்மய வரச் சொல்லுங்க சார்."

அப்படியானால் இவளுக்குத் தெரிந்துவிட்டது. யாராவது சொன்னார்களோ, சுகமில்லாதவள் ஏன் முற்றம் தூத்துப் பெருக்கிக்கொண்டிருக்கிறாள் என்று தானாகவே யோசித்தாளோ. தூக்கிய கையை அவள் இறக்கவில்லை. உண்மை பேசவென்று நாங்கள் ஏற்படுத்திய நேரத்தில் அந்தப் பிள்ளை எங்கள் எல்லோர் முகத்துக்கும் நேராகப் பொய் சொன்னது. அதைவிடச் சுத்தமான பேச்சை அந்தப் பள்ளிக்கூடத்தில் நான் கேட்டதில்லை.

எபிசன் சார் என் பக்கம் திரும்பினார். "டீச்சர், இவ அன்னைக்குச் சொன்னது பொய்யா?"

"ஆமா சார். பச்சப் பொய். எனக்கு அன்னைக்கே தெரியும்."

அவர் முகம் கறுத்தது. ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் நடு வரிசையில் ஷிபின் எழுந்தான். "சார், எங்கப்பா ஓடையில விழல்ல. நானும் பொய்தான் சொன்னேன்."

"எங்க உம்மா அழல்ல சார்" என்றாள் ரிஸ்மா.

சன்னலோரத்தில் ஒரு கை, கதவோரத்தில் இரண்டு. நானும் சார், நானும் சார் என்று வகுப்பு முழுக்க இரைச்சல்.

"கையத் தாழ்த்துங்க!" என்று எபிசன் சார் சத்தம் போட்டார். ஒரு கையும் தாழவில்லை. பள்ளிக்கூடம் திறந்த நாளிலிருந்து உண்மையென்று ஒரு வார்த்தை சொல்லாத பெனிஷ்கூட, கடைசி வரிசையில் பெஞ்சின் மேல் ஏறி நின்று கையைத் தூக்கிக்கொண்டிருந்தான்.