கிள்ளிய வெளிச்சம்

நீர்வேலியில் பூரணத்தின் குசினி பல்பு விடியப்புறம் எரியத் தொடங்கி வெயில் ஏற அணையும், பொழுதுபட்டால் எரியாது. அதற்கு வயருமில்லை, கரண்டுமில்லை. ஒரே பெட்டியில் வாங்கிய சோடியில் மற்றதைப் புருஷன் தில்லைநாதன் கனடாவுக்குக் கொண்டுபோயிருந்தான். அங்கே இரவில் அவன் சுவிட்சைப் போட, இங்கே பகலில் இது எரியும். முதல் வருடம் ஊரே வந்து பார்த்தது. பிறகு, பகலில் எரியும் பல்பால் என்ன லாபம் என்று கேட்டுவிட்டு வாழைக்குத் தண்ணீர் கட்டப் போய்விட்டது.

ஆறாம் வருடம் வெளிச்சம் தளர்ந்தது. “இப்ப போட்டிருக்கிறன்” என்பான் தில்லைநாதன் போனில்; இங்கே இருட்டாயிருக்கும். அவன் நித்திரையான பிறகு சும்மா மினுங்கும். போனும் குறைந்தது. அவளைக் கனடாவுக்குக் கூப்பிடும் ஸ்பொன்சர் மட்டும் எப்போதும் ‘இந்தா வருது’தான். தளர்ந்தது பல்பா, ஆளா என்பதே பூரணத்துக்குத் தெரியவேண்டியிருந்தது.

வேலியில் கழுத்தை வைத்தபடியே வளர்ந்த பக்கத்து வீட்டுக் கமலாவதி, ரோச் லைட்டை அடித்துப் பல்புக்குள் வெளிச்சம் ஊற்றிப் பார்த்தாள். அது இன்னும் கெட்டது. பௌதிகம் படிப்பிக்கும் ஜெயரூபன் மாஸ்டர் வந்து, ஊற்றினால் வழியில் சேர்ந்த கலக்கமும் கூடவே பெருகும் என்றார். “கொஞ்சம் கொஞ்சமாக் கிள்ளி எடுங்கோ அக்கா. மிஞ்சுறது மற்றப் பல்பை இறுக்கிப் பிடிச்சுக்கொள்ளும்.”

பூரணம் கறிவேப்பிலை கிள்ளுவதுபோலத் தினமும் கிள்ளினாள், முகத்தில் ஒன்றும் காட்டாமல். கிள்ளியதைக் கமலாவதி மூக்குப்பேணியில் ஏந்திப்போய் மாட்டுக்கொட்டிலில் தொங்கவிட்டாள்; வீணாக்குவானேன்? பல்பில் கடுகளவு மிஞ்சியபோது அது பொய் சொல்வதை விட்டது.

அப்போதுதான், கனடாவில் சாமமாயிருக்கும் மத்தியானங்களில், அது எரிந்து, அணைந்து, மறுபடி எரிந்தது. ஐந்து பெற்ற கமலாவதி ஒரு கிழமை பார்த்துவிட்டுச் சொன்னாள்.

“எடியே பூரணம், உது பிள்ளைக்குப் பால் குடுக்கிற வெளிச்சமடி.”

“ஓம்” என்றாள் பிள்ளையில்லாத பூரணம். உலையில் அரிசியைப் போட்டாள்.

“போனெடுத்துக் கேளன், உவன் ஆரின்ரை பிள்ளைக்கு எழும்புறான் எண்டு!”

“என்னத்தையக்கா கேக்கிறது? பல்பு சரியாத்தான் எரியுது.”

கொட்டில் வெளிச்சத்தைத் திருப்பி ஊற்றினால் பிடி விட்டுவிடும் என்று மாஸ்டர் சொல்லியிருந்தார். கமலாவதி பேணியை நீட்டியபடி வேலியடியில் இரண்டு நாள் நின்று பார்த்தாள். பூரணம் வாங்கவில்லை. ஸ்பொன்சர் என்ன மாதிரி என்று அதன்பின் ஒழுங்கையில் ஒருவரும் கேட்கவில்லை.

இப்போதெல்லாம் மத்தியானத்தில் அந்தக் கடுகு வெளிச்சம் அணைந்ததும் பூரணம் அகப்பையைச் சத்தமில்லாமல் வைப்பாள். வாழைக்குலை ஏற்ற வரும் லொறிக்காரன் ஹோர்ன் அடித்தால் கமலாவதி வேலிக்குமேலால் ஏசுவாள்: “மெல்லத் தம்பி, மெல்ல! பிள்ளை இப்பதான் கண்ணயருது.” எந்தப் பிள்ளை என்று அவன் கேட்பதில்லை. இஞ்சினை ஒழுங்கை முடக்கில் நிறுத்திவிட்டு, குலைகளைத் தோளில் சுமந்து நடப்பான்.