தலைகீழாகத் தொங்கியவன்

என் அக்காவின் கணவர் டாரட் சீட்டு எடுத்துப் பலன் சொல்ல ஆரம்பித்தது, காப்பீட்டுக் கம்பெனி அவரை வேலையை விட்டு அனுப்பிய பிறகுதான். அனுப்பியது என்று நாம் சொல்லக் கூடாது. பிரபஞ்சம் அவரை விடுவித்ததாம். விடுவிக்கப்பட்ட மனிதர் கைப்பேசியில் ஏதோ வகுப்பு பார்த்தார், முன்னறை மேசையில் ஊதாத் துணி ஒன்றை விரித்தார், ஊருக்கெல்லாம் வழி சொல்ல உட்கார்ந்துவிட்டார்.

ஆஸ்பத்திரி விரிப்புகளைத் துவைக்கும் பெரிய சலவை ஆலையில் அக்காவுக்கு வேலை. வெளுப்பு மருந்து பட்டுப் பட்டு விரல் நுனியெல்லாம் தோலுரிந்து கிடக்கும். அந்த விரல்கள்தான் வீட்டு வாடகையைக் கட்டின. நான் பல் மருத்துவமனையில் உதவியாளர். நாள் முழுக்க அடுத்தவர் வாயைப் பொறுமையாகப் பார்க்கிறவள். அத்தான் வாயைத் திறந்தால் மட்டும் எனக்குத் தாங்காது.

எந்தச் சீட்டு விழுந்தாலும் அவருக்கு எது தோதோ அதுதான் அர்த்தம். மாடி வீட்டுக்காரர் ஸ்கூட்டரை விற்கலாமா என்று கேட்டு வந்தார். எடுத்த சீட்டில் ஒருவன் ஒற்றைக் கால் கட்டப்பட்டுத் தலைகீழாகத் தொங்கினான். “பற்றை விடுன்னு சொல்லுது. உடனே வித்துடுங்க” என்றார் அத்தான். வாங்கியது யார் என்று கேட்கவே வேண்டாம்.

கொஞ்ச நாளில் ஆலைக்காரர்கள் வேறு ஊரில் புதுக் கிளை திறந்தார்கள். அதற்கு மேற்பார்வையாளராக அக்காவைக் கூப்பிட்டார்கள். அன்று ராத்திரி நானும் அவர்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவள் சொன்னாள். நான் எச்சில் கையோடு அவளைக் கட்டிக்கொண்டேன். அத்தான் முகம் சுண்டிப்போயிற்று.

“அவசரப்படாதே. சீட்டைக் கேட்டுடலாம்” என்றார்.

கண்ணை மூடினார், மூச்சை இழுத்தார், சீட்டைக் குலுக்கினார். விழுந்தது மறுபடியும் அதே தொங்குகிற ஆள்.

“காத்திருன்னு சொல்லுது. இது தியாகத்தோட சீட்டு. இப்ப நகர்ந்தா கெடுதல். இங்கேயே இரு.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “ஏன் அத்தான், ஸ்கூட்டரை விட்டுடுன்னு சொன்னவன்தானே இவன்? என் அக்காவை மட்டும் ஏன் புடிச்சு வைக்கறான்?”

“அது உள்ளுணர்வு. பல்லு கழுவுற உனக்குப் புரியாது.”

“நாங்க சொத்தையைச் சொத்தைன்னுதான் சொல்வோம். முத்துன்னு சொல்லி ஏமாத்தமாட்டோம்.”

அக்கா எங்கள் சண்டையைக் காதில் வாங்கவில்லை. சீட்டை எடுத்து விளக்கடியில் பிடித்தாள்.

“இது ஆம்பளைதானேங்க?”

“ஆமா, அதுக்கென்ன?”

“கையை ரெண்டையும் பின்னாடி வச்சிருக்கான். ஒரு வேலையும் செய்யல. மூஞ்சில ஒரு கவலையும் இல்ல.” சீட்டை அவர் முன்னால் வைத்தாள். “இது எனக்கு வந்த சீட்டு இல்லீங்க.”

எனக்குச் சிரிப்பில் புரையேறியது. அத்தான் எழுந்து நின்று, சீட்டை அவமதித்தால் என்னென்ன நடக்கும் என்று அடுக்கினார். அக்கா தட்டுகளை எடுத்துக்கொண்டே சொன்னாள்: “நான் போறேன். வர்றதா இருந்தா வாங்க. இல்லேன்னா சமைக்கக் கத்துக்கங்க.”

விடிந்ததும் மனசு மாறிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். கல்யாணமான நாளிலிருந்து அவர் பேச்சுக்குத் தலையாட்டியே பழகியவள். ஆனால் காலையில் நான் போனபோது பெட்டி திறந்திருந்தது. மடித்த சேலையையே பிரித்துப் பிரித்து மறுபடியும் மடித்துக்கொண்டிருந்தாள்.

“பயமா இருக்காக்கா?”

“இருக்குடி. ஆனா அவர் சொன்னதுக்கு இல்ல. அங்க மெஷினெல்லாம் புதுசாம்.”

போய்விட்டாள். புது மெஷின்களையும் பழகிக்கொண்டாள். அத்தான் ரோஷத்தோடு இங்கேயே இருந்தார். ரோஷத்தைச் சமைத்துச் சாப்பிட முடியாதே, பிறகு அவரும் மூட்டை கட்டினார்.

போன மாதம் அவர்களைப் பார்க்கப் போனேன். அத்தான் அங்கேயும் கடை விரித்திருந்தார். “என் மனைவி இவ்வளவு பெரிய வேலைக்கு வந்ததே நான் எடுத்துக் கொடுத்த சீட்டாலதான்” என்று ஒரு அம்மாவிடம் அளந்துகொண்டிருந்தார். அந்த அம்மா வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

வேலை முடிந்து வந்த அக்கா வாசலில் நின்று அதைக் கேட்டாள். ஏதாவது சொல்வாள் என்று பார்த்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு, “சாப்பாட்டைச் சூடு பண்ணிட்டுக் கூப்பிடுங்க” என்று அவரிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.