தம்பிக்குக் கிடைத்த மருந்து

டாக்டர் சாரதா முடிவைச் சொன்னபோது அண்ணனும் தம்பியும் அருகருகே உட்கார்ந்திருந்தார்கள். தனித்தனியாகச் சொல்லவா என்று அவர் முதலில் கேட்டார். கிரகரிதான், "வேணாம் டாக்டர், எங்களுக்குள்ள ஒளிவு மறைவு ஒண்ணும் இல்ல" என்றான். அப்படிச் சொன்னதற்காக அடுத்த நிமிடமே வருந்தினான்.

"எட்ரியனுக்கு இந்த மருந்தக் கொடுக்கலாம். உங்களுக்குக் கொடுக்க முடியாது, கிரகரி."

இருவருக்கும் பிறவியிலேயே ஹீமோபிலியா. இரத்தத்தை உறைய வைக்கும் பொருள்களில் ஒன்று அவர்கள் உடம்பில் ஊறுவதில்லை. அடிபட்டால்தான் என்றில்லை, சும்மா இருக்கும்போதே முழங்காலுக்குள்ளும் முழங்கைக்குள்ளும் இரத்தம் கசியும். அம்மா கத்தரீனின் தம்பி ஒருவர் பல் பிடுங்கிக்கொண்டு வந்து, இரத்தம் நிற்காமலே இறந்துபோனார். அந்தக் காலத்தில், கேமரன் மலையில் அவர்கள் இருந்த தேயிலை எஸ்டேட்டில் அந்த நோயின் பெயர்கூட யாருக்கும் தெரியாது. கிரகரி சிறுவனாக இருந்தபோது பெயர் தெரிந்திருந்தது, மருந்துதான் எட்டாத தூரத்தில் இருந்தது. கால் வீங்கிய பிறகு மலையிறக்கி ஈப்போ நகரத்துக்குக் கொண்டுபோவார்கள். அப்படி வீங்கி வீங்கியே அவனுடைய இடது முழங்கால் மடங்காமல் போயிற்று. எட்ரியன் பத்து வயது இளையவன். அவன் வளரும்போது வீட்டிலேயே ஊசி போட்டுக்கொள்ளும் வசதி வந்துவிட்டது. அவன் நேராக நடந்தான், கியா பார்ம் சந்தையில் ஸ்ட்ராபெரிக் கடை போட்டான், வனஸ்ஸாவைக் கட்டினான். கிரகரி தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கெழுதும் கிராணியானான். எஸ்டேட்டில் உட்கார்ந்து செய்யக்கூடிய வேலை அதுதான்.

மரபணு சிகிச்சை என்று ஒன்று வந்திருப்பதைத் தேடிக் கண்டுபிடித்தவனும் அவன்தான். கோலாலம்பூரில் ஒரு மருத்துவமனை ஆராய்ச்சிக்கு ஆள் சேர்க்கிறது என்று கேள்விப்பட்டு, வர மாட்டேன் என்ற தம்பியையும் இழுத்துக்கொண்டு போய்ச் சோதனைக்கு இரத்தம் கொடுத்துவிட்டு வந்தான். ஒரே ஒரு முறை மருந்து ஏற்றினால் போதும், வாரா வாரம் நரம்பு தேடிக் குத்திக்கொள்ளும் பிழைப்பு தீர்ந்தது என்றார்கள். அந்த நாளிலிருந்து அவன் வேறு எதையும் நினைக்கவில்லை.

"எனக்கு ஏன் முடியாது?" என்று கேட்டான்.

"நல்லா இருக்கிற மரபணுவ உங்க கல்லீரலுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கணும். அதுக்கு ஒரு வைரஸோட வெறும் கூட்டைத்தான் வண்டியாப் பயன்படுத்துறோம். அந்த வைரஸ் நம்மள ஒண்ணும் பண்ணாது. ஆனா பல பேருக்கு எப்பவோ அது வந்துட்டுப் போயிருக்கும். உங்களுக்கும் வந்திருக்கு. உங்க உடம்பு அத மறக்கல. மருந்த ஏத்தினா, கல்லீரலுக்குப் போறதுக்கு முன்னாலயே அழிச்சிடும்."

"எப்ப வந்திருக்கும்?"

"சொல்ல முடியாது. சின்ன வயசுல சளியோட சளியா வந்திருக்கலாம்."

கேமரன் மலையில் பிறந்து சளி பிடிக்காதவன் யார்? கிரகரி தம்பியின் பக்கம் திரும்பவில்லை. எட்ரியனும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

திரும்பும்போது வழக்கம்போலக் கிரகரியே காரை ஓட்டினான். அவனுடைய காடி ஆட்டோ கியர், இடது காலுக்கு அதில் வேலை கிடையாது. தாப்பா ஊரைத் தாண்டி மலை ஏறத் தொடங்கிய பிறகுதான் எட்ரியன் வாயைத் திறந்தான்.

"நான் போட்டுக்கலண்ணே. உனக்கு இல்லாதது எனக்கு மட்டும் எதுக்கு?"

அப்படிப் பேசாதே என்று சொல்ல வேண்டிய இடம் அது. கிரகரிக்கு அது தெரிந்தது. ஆனாலும் எதிரே வந்த காய்கறி லோரிக்கு ஒதுங்கி வழிவிட்டான், பிறகு வளைவைப் பார்த்து ஓட்டினான், வீடு வரும்வரை ஒன்றும் சொல்லவில்லை. தம்பியின் பேச்சு அவனுக்கு இதமாக இருந்தது. அதை இழக்க மனம் வரவில்லை.

அதன் பிறகும் அவன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அம்மா கேட்டதற்கு, "அவன் இஷ்டம்மா" என்றான். டாக்டரிடமிருந்து எட்ரியனுக்கு அழைப்புகள் வந்தன. அவன் எடுக்கவில்லை என்பதும் கிரகரியின் காதுக்கு வந்தது.

ஒரு நாள் மத்தியானம் வனஸ்ஸா அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். கல்யாணமாகி இத்தனை நாளில் அவள் அங்கே வந்ததில்லை. கொழுந்து ஏற்றிய லோரிகள் வெளியே நிற்க, கிரகரி நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"பசியாறிட்டியாம்மா?"

"ஆச்சு, அத்தான். நான் சுத்தி வளைக்காமச் சொல்லிடறேன். அவரு உங்களுக்காக வேணாம்னு சொல்லல. பயந்துபோய் இருக்காரு."

"பயமா? என்கிட்ட அப்படிச் சொல்லலையே."

"எப்படிச் சொல்லுவாரு? அண்ணனுக்காக விட்டுக் குடுக்கிறேன்னா ஊரே மெச்சும். ராத்திரியில தூங்குறது இல்ல. ஈரல் கெட்டுப் போயிடுமாம், ஒரு தடவ போட்டா அப்புறம் போடவே முடியாதாம். நான் சொன்னா உனக்கு என்ன தெரியும்னு கேக்குறாரு. நீங்க சொன்னாக் கேப்பாரு." கொஞ்சம் நிறுத்தி, "உங்களுக்குக் கோவம் இருந்தா வேணாம். கோவத்தோட பேசுனா ரெண்டு பேருக்கும் நல்லதில்ல" என்றாள்.

அவள் போன பிறகு கிரகரிக்கு வேலை ஓடவில்லை. முதலில் தம்பியின் மேல் ஆத்திரம் வந்தது. தன் பெயரைச் சொல்லி ஒளிந்துகொண்டானே என்று. பிறகு, ஒளிய இடம் கொடுத்தது யார் என்று யோசித்தான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேரே கியா பார்முக்குப் போனான். சாலையில் சுற்றுலா வாகனங்கள் நகராமல் நின்றன. எட்ரியன் பழப்பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். கிரகரி கடைக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து காலை நீட்டினான்.

"எனக்குப் பொறாமை" என்றான்.

எட்ரியன் பெட்டியைக் கீழே வைத்தான்.

"நீ வேணாம்னு சொன்னப்ப எனக்குச் சந்தோசமா இருந்துச்சு. அதான் வாயத் திறக்கல. அது என் பாடு, நான் பாத்துக்குறேன். உனக்கு என்ன பயம்னு மட்டும் சொல்லு."

எட்ரியன் வாடிக்கையாளர் ஒருவருக்குப் பழம் கட்டிக் கொடுத்துவிட்டு வந்து, தலையைக் குனிந்தபடி சொன்னான். "இப்ப நான் நல்லாத்தான் இருக்கேன். உன் மாதிரி கால் போயிருந்தா யோசிக்காமப் போட்டுக்குவேன். நல்லா இருக்கிற உடம்ப நானே கொண்டுபோய்க் கெடுத்துக்கிட்டா?"

அது நியாயமான கேள்வியாகவே கிரகரிக்குப் பட்டது.

"டாக்டர்கிட்ட இதையே கேக்கலாம். கேட்டப்புறமும் வேணாம்னா வேணாம். ஆனா என் பேரச் சொல்லக் கூடாது."

டாக்டர் சாரதா எதையும் மறைக்கவில்லை. கல்லீரல் வீங்கலாம், வீங்கினால் ஸ்டீராய்டு மாத்திரை போட வேண்டிவரும். பலன் எத்தனை வருடம் நிற்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. குடிக்கக் கூடாது, கொஞ்ச காலத்துக்குக் குழந்தைக்கும் முயலக் கூடாது. அப்படியே பிள்ளை பிறந்தாலும், பெண்ணாக இருந்தால் இந்தக் குறை அவளிடம் போய்ச் சேரத்தான் செய்யும். சிகிச்சை கல்லீரலுக்குத்தான், வம்சத்துக்கு இல்லை.

"ரெண்டாவது தடவ ஏன் போட முடியாது?" என்று எட்ரியன் கேட்டான்.

"முதல் தடவையே உங்க உடம்பு அந்த வைரஸ அடையாளம் கண்டுக்கும். அதுக்கப்புறம் உங்க அண்ணன் மாதிரிதான் நீங்களும்."

எட்ரியன் அண்ணனைப் பார்த்தான். அந்தச் சொல்லில் அவனுக்கு என்ன தைரியம் கிடைத்ததோ தெரியவில்லை, அடுத்த வாரம் சம்மதித்துவிட்டான்.

மருந்து ஏற்றிய நாளில் பார்க்க ஒன்றுமே இல்லை. உப்புநீர் ஏற்றுவது போல ஒரு பை தொங்கியது, சொட்டுச் சொட்டாக இறங்கித் தீர்ந்தது. எட்ரியன் போனில் பந்து விளையாட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். வனஸ்ஸா செபமாலை சொன்னாள். கிரகரி அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அதன் பிறகு வாரா வாரம் மலையிறங்கி இரத்தம் கொடுக்கப் போனார்கள். உறைபொருளின் அளவு மெல்ல மெல்ல ஏறியது. பிறகு டாக்டர் பயந்தது போலவே கல்லீரல் முரண்டு பிடித்தது, ஏறிய அளவு சரியத் தொடங்கியது. ஸ்டீராய்டு கொடுத்தார்கள். எட்ரியனின் முகம் உப்பிப்போயிற்று, கடைக்கு வருகிறவர்களிடம் எரிந்து விழுந்தான், வனஸ்ஸாவிடம் ஒரு முறை தட்டை வீசினான். எல்லாம் இவனால் வந்தது என்று கிரகரியையும் திட்டினான். கிரகரி திட்டு வாங்கிக்கொண்டே காடி ஓட்டினான். தம்பிக்குச் சிகிச்சை தோற்றுப்போனால் தன் மனதின் ஒரு மூலையில் திருப்தி எழுமோ என்று அவன் உள்ளூரப் பயந்திருந்தான். எழவில்லை.

சில மாதங்களில் கல்லீரல் அடங்கியது. அளவு ஓரிடத்தில் நின்றது. மற்ற மனிதர்களுக்கு இருப்பதில் பாதிகூட இல்லைதான், ஆனால் போதும் என்றார் டாக்டர். வாராந்தர ஊசி நின்றது.

மழைக்காலத்தில் ஒரு காலை, கடைக்குப் பின்னால் சிமெண்டுப் படியில் எட்ரியன் பெட்டியோடு சறுக்கி விழுந்தான். வலது முழங்கால் படியின் விளிம்பில் மோதியது. வனஸ்ஸா போன் செய்ததும் கிரகரி அவசரத்துக்கு வைத்திருந்த மருந்தை ஐஸ் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தான். எட்ரியன் ஸ்டூலில் உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"எறும்பு ஊருதா?" என்று கிரகரி கேட்டான்.

மூட்டுக்குள் இரத்தம் கசியத் தொடங்கும்போது அப்படித்தான் இருக்கும். வீக்கம் வருவதற்கு முன்னாலேயே உள்ளே குறுகுறுக்கும். அந்த வீட்டில் வேறு விளக்கம் தேவைப்பட்டதில்லை.

"இன்னும் இல்ல."

இது போன்ற அடிக்கு என்ன செய்வது என்று டாக்டருக்குப் போன் போட்டார்கள். குறுகுறுப்போ வீக்கமோ வந்தால் உடனே மருந்து போடுங்கள், இல்லாவிட்டால் பார்த்துக்கொண்டே இருங்கள் என்றார். பார்த்துக்கொண்டே இருந்தார்கள். வனஸ்ஸா வியாபாரத்தைக் கவனித்தாள், நடுநடுவே வந்து எட்டிப் பார்த்தாள். மழை விட்டது, மறுபடி பிடித்தது. கிரகரி கேட்டுக்கொண்டே இருந்தான். எட்ரியன் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான்.

சாயங்காலம் தோல் நீலம் பாரித்திருந்தது. அவ்வளவுதான். கிரகரி தம்பியின் முழங்காலில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். சூடு இல்லை. எட்ரியன் காலை மடக்கினான், நீட்டினான், மறுபடியும் மடக்கினான்.

"மடங்குதுண்ணே."

"மடங்கும் லா. எழுந்திரு, கடைய எடுத்து வைப்போம்."

கிரகரி ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு காடிக்குப் போனான். கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதான். தம்பிக்காகவா, தனக்காகவா என்று பிரித்துப் பார்க்க அவனுக்குத் தோன்றவில்லை.

அடுத்த வருடம் டாக்டர் சாரதா கிரகரியையே கூப்பிட்டார். வைரஸ் சம்பந்தப்படாத வேறொரு மருந்து சோதனைக்கு வந்திருந்தது. தோலுக்கடியில் போடுகிற ஊசி, மாதத்துக்கு ஒன்று. "இரத்தத்துல உறைய வைக்கிறதும் இருக்கு, உறையாமத் தடுக்கிறதும் இருக்கு. உங்களுக்கு முதலாவது குறைவு. அதனால ரெண்டாவதையும் குறைச்சுப் பாக்குறோம்." எங்கேயாவது வேண்டாத இடத்தில் இரத்தம் கட்டிவிடும் ஆபத்து உண்டு என்பதையும் சொன்னார்.

இப்போது பயப்படுவது கிரகரியின் முறை. தம்பி கேட்ட கேள்விகளையெல்லாம் அவனும் கேட்டான். இரண்டு வாரம் யோசித்தான். பிறகு போட்டுக்கொண்டான்.

அவனுக்கு அது ஒத்துக்கொண்டது. இரத்தக் கசிவு ஏறக்குறைய நின்றுவிட்டது. ஆனால் தேய்ந்துபோன எலும்பை எந்த ஊசியும் திருப்பித் தராது. அதற்கு அறுவை சிகிச்சைதான் வழி என்றார்கள், கசிவு கட்டுக்குள் இருப்பதால் இனி துணிந்து செய்யலாம் என்றும் சொன்னார்கள். ஈப்போவில் முழங்காலை மாற்றினார்கள். எட்ரியன் பக்கத்திலேயே படுத்துக் கிடந்து, ஒவ்வொரு நாளும் பயிற்சி செய்ய வைத்தான். இந்த முறை திட்டு வாங்கியவன் அவன்.

கிரகரி வேலைக்குத் திரும்பிய நாள், தொழிற்சாலைப் படியில் ஒவ்வொரு காலாக மாற்றி வைத்து இறங்கினான். இத்தனை வருடமும் பக்கவாட்டில் திரும்பி, கைப்பிடியைப் பற்றித்தான் அதில் இறங்கியிருக்கிறான். கீழ்ப்படிக்கு வந்ததும் நின்று மேலே திரும்பிப் பார்த்தான். கொழுந்து மூட்டையோடு பின்னால் வந்த நேபாளத் தொழிலாளி, கொஞ்சம் நகருமாறு மலாயில் கேட்டார். கிரகரி நகர்ந்து வழிவிட்டான்.