கைடில் இருந்த விடை

பிளஸ் டூ படிக்கும் தஹ்மீனாவுக்குக் கணக்கில் தொகையிடல் என்கிற இன்டக்ரேஷன் பாடம் மட்டும் பிடிபடவே இல்லை. யூடியூப் வீடியோ பார்க்கும்போது எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும். தனியாகப் போட உட்கார்ந்தால் கை நின்றுவிடும். கடைசியில் கைடைப் பார்த்து எழுதிக்கொள்வாள்.

அன்று காலை பூதலூர் ஸ்டேஷனில் தஞ்சாவூர் ரயிலுக்குக் காத்திருந்தபோது, ஒரு கணக்கைக் கைடைத் திறக்காமலே போட்டு முடித்தாள். பிறகு ஆசையோடு திறந்து பார்த்தால் விடை வேறாக இருந்தது. மறுபடி போட்டாள், அதே விடைதான் வந்தது.

"எனக்கு இது வராதுடி" என்று எழுதியதை அடித்துவிடப் போனாள்.

பக்கத்தில் இருந்த, கூடப் படிக்கும் அருள்ஜோதி பேனாவைப் பிடித்துக்கொண்டாள். "இரு, தொகையிடலுக்குத் தலைகீழ்தானே வகையிடல்? உன் விடையை வகையிட்டுப் பாரு. கேள்வி திரும்ப வந்துச்சுன்னா நீ போட்டது சரிதானே?"

தஹ்மீனா தயங்கித் தயங்கி வகையிட்டாள். கேள்வி அப்படியே வந்து நின்றது. கைடின் விடையை வகையிட்டால் ஒரு இடத்தில் கூட்டலுக்குப் பதில் கழித்தல் வந்தது.

"கைடுதான்டி தப்பு!" தஹ்மீனா கத்தியதில் பிளாட்பாரத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்கு வெட்கமாகவே இல்லை.

ரயிலில் ஏறியதும் அடுத்த கணக்கை முடித்தாள்.

"விடை பார்க்கட்டுமா?" என்று அருள்ஜோதி கைடைப் புரட்டினாள்.

"கொஞ்சம் பொறு. நானே சரிபாத்துட்டுச் சொல்றேன்."