பத்தொன்பது அடி

அன்று வாசலில் இருந்தவர்கள் இவர்கள்: படியின் மேல் பெரியவர், அவருக்குப் பின்னால் கதவைப் பிடித்தபடி அவர் மனைவி, முன்னறை ஜன்னலுக்குள்ளே கட்டிலில் அம்மா, கேட்டருகே தங்கையும் அவள் கணவரான தையல்காரரும், தெருவில் மருந்துக்கடைக்காரர், தபால்காரர், லேத் பட்டறையின் ஆட்கள் நான்கு பேர், நகராட்சியிலிருந்து சான்றிதழோடு வந்திருந்த எழுத்தர். வேறு யாரும் இல்லை. அன்று தாங்களும் அங்கே இருந்ததாகச் சொல்லிக்கொள்பவர்கள் இந்த ஊரில் இப்போது முந்நூறு பேருக்குக் குறையாமல் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சை விட்டுவிடலாம். பெரியவரின் தம்பி, நாட்டின் கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரைவரை இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு கிலோமீட்டரைக் கால்நடையாகவே கடந்து முடித்துவிட்டு, மாலை நாலேகால் மணிக்குத் தன் வீட்டுக் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்தான். நாட்டைக் கடக்க அவனுக்குப் பதினான்கு மாதம் ஆயிற்று. கேட்டிலிருந்து படிவரை பத்தொன்பது அடி. அதைக் கடக்கப் பதினோரு வருடம் ஆயிற்று.

அப்பா போனபோது பெரியவருக்குப் பத்தொன்பது வயது, தங்கைக்குப் பதினான்கு, தம்பிக்கு ஒன்பது. மறுவாரமே பெரியவர் லேத்தின் முன்னால் போய் நின்றார். அவர் கடைந்து அனுப்பிய ஒரு சாமானும் சரியில்லை என்று திரும்பி வந்ததில்லை. தம்பிக்கு வேலையில் கை சுத்தம், கண்ணும் சுத்தம், ஆனால் எதைத் தொட்டாலும் பாதியில் விட்டுவிடுவான். படிப்பைப் பாதியில் விட்டான், வெளியூர் வேலையை இரண்டு முறை விட்டான், பெண் பார்த்துப் பேசி முடித்த பிறகு அதையும் விட்டான். பட்டறையில் அவனுக்கு அரைகுறை என்று பேர். ஒருநாள் பாதி மரை வெட்டிய போல்ட் ஒன்றை மெஷினிலேயே மாட்டிவிட்டு டீ குடிக்கப் போனவன் மூன்று மணி நேரம் கழித்து வந்தான். வாடிக்கையாளர் இரண்டு பேர் காத்துக்கொண்டிருந்தார்கள். பெரியவர் போல்ட்டைக் கழற்றி எல்லாருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தார்.

"இவனுக்கு ஒன்ன ஆரம்பிக்கத் தெரியும், முடிக்கத் தெரியாது. சோத்தக்கூட பாதி தட்டுல விட்டுட்டு எந்திரிச்சுப் போற ஆளு."

ஆட்கள் சிரித்தார்கள். தம்பி சிரிக்கவில்லை. "எத முடிச்சா நீங்க ஒத்துக்குவீங்கண்ணே?" என்று கேட்டான். பட்டறைச் சுவரில், பேரிங் கம்பெனிக்காரர்கள் கொடுத்த நாட்டு வரைபடம் ஒன்று தொங்கியது. பெரியவர் போல்ட்டாலேயே அதைக் காட்டினார். "அந்த மூலையிலேருந்து இந்த மூலைக்கு நடந்து வா. முடிக்காம என் வாசப்படில கால வைக்காத." கோபத்தில் சொன்னதுதான். ஆனாலும் சொன்னது சொன்னதுதான். சொன்ன சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் வழக்கம் இந்தக் குடும்பத்தில் இல்லை. அடுத்த நாள் காலை தம்பி ரயிலேறிக் கிழக்குக் கரைக்குப் போனான், கடலில் காலை நனைத்தான், திரும்பி நடக்கத் தொடங்கினான்.

நடந்த கதையை அவன் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. ஏழு ஜோடி ஷூ தேய்ந்தது. ஆள் நடக்கக் கூடாது என்று பலகை போட்டிருந்த ஒரு பாலத்தின் முன்னால் அனுமதிக்காக ஒன்பது நாள் உட்கார்ந்திருந்தான். உப்பு வயல்களின் நடுவே நாற்பது கிலோமீட்டர், ஒரு மரம்கூட இல்லாமல் நடந்தான். பஸ் நிறுத்தங்களில், டிராக்டர் கொட்டகைகளில், ஒரு முறை மூடிக் கிடந்த பல் ஆஸ்பத்திரி ஒன்றின் நாற்காலியில் தூங்கினான். நின்றபடியே தூங்கவும் பழகிக்கொண்டான். நூறு கிலோமீட்டருக்கு ஒன்றாக, அந்தந்த ஊர் முத்திரையோடு அம்மாவுக்கு அஞ்சலட்டை வந்தது. பெரியவர் அவற்றைப் படிக்கவில்லை என்றுதான் சொல்லிவந்தார். ஆனால் பட்டறை வரைபடத்தில் கிழக்கிலிருந்து மேற்காக ஊசித் துளைகள் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டே வந்ததை ஆட்கள் பார்த்தார்கள்.

தெருக்கோடியில் இருக்கும் கடற்சுவரைத் தொட்டுவிட்டு, தலை நரைக்கத் தொடங்கியிருந்த அந்த மனிதன் கேட்டைத் திறந்தபோது, சொல்ல வேண்டியவை இரண்டே இரண்டு. வந்தவனை வா என்று சொல்வது வீட்டுக்காரன் பொறுப்பு. முடித்துவிட்டேன் என்று சொல்வது வந்தவன் பொறுப்பு. எது முதலில் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. பெரியவர் வாயைத் திறக்கவில்லை. தம்பியும் திறக்கவில்லை, படியை நோக்கி நடந்தான். கால் தூக்கினான், வைத்தான், புழுதி எழும்பியது, படி மட்டும் கிட்டே வரவில்லை. முதலில் கவனித்தவர் தையல்காரர்.

"என்ன மச்சான் இது, தம்பி நடந்துக்கிட்டே இருக்கான், வந்து சேரமாட்டேங்கிறான்?"

"ரொம்ப தூரம் நடந்த காலு, சட்டுனு நிக்காது. பத்து நிமிஷம் பாருங்க," என்றார் மருந்துக்கடைக்காரர். பத்து நிமிடம் பார்த்தார்கள். பிறகு இரண்டு மணி நேரம் பார்த்தார்கள். நடுவிலேயே எழுத்தர் சான்றிதழைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு அலுவலகம் மூடுகிற நேரமாகிறது என்று போய்விட்டார்.

மற்றவர்களுக்கு அந்தப் பத்தொன்பது அடி வழக்கம்போலப் பத்தொன்பது அடியாகவே இருந்தது. தங்கை சோற்றுத் தட்டோடு ஏழெட்டு எட்டில் அவனிடம் போனாள், ஏழெட்டு எட்டில் திரும்பினாள். ஆனால் அவனைக் கையைப் பிடித்து இழுத்தால் இழுத்தவருக்கும் வழி நீண்டது. பட்டறை ஆட்கள் இரண்டு பேர் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு படிக்கு ஓடினார்கள். அரை மணி கழித்து, தங்கள் முகத்தில் நாலு நாள் தாடியோடு அவனை இறக்கி வைத்துவிட்டு, பசிக்கிறது என்று சுவரோரம் உட்கார்ந்தார்கள். அதன்பிறகு யாரும் தூக்கவில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை தங்கை புது ஷூ வாங்கினாள். உப்பு வயலில் ஒட்டிக்கொண்டு வந்த விதைகள் அவன் கால்சட்டை மடிப்பிலிருந்து உதிர்ந்து, இந்த ஊரில் யாரும் பார்த்திராத சாம்பல் நிறப் புல்லாக நடைபாதை ஓரம் முளைத்தன. தபால் அலுவலகம் அவனுக்குத் தனி முகவரி கொடுத்தது: இன்ன எண், கேட்டுக்கும் படிக்கும் நடுவில். வேடிக்கை பார்க்க வந்தவர்களைப் பெரியவர் விரட்டினார். வீடு ஒன்றும் காட்சிச்சாலை இல்லை.

திரும்பிப் போக வேண்டுமென்றால் கேட் ஒரே எட்டில் பின்னால் இருந்தது. அவன் திரும்பவில்லை. எதையும் பாதியில் விடுபவன் என்று அந்த வருடங்களில் அவனைச் சொல்ல முடியாது. இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். பின்வாசல் வழியாக வந்தால் என்ன என்று தங்கை யோசனை சொன்னாள். "பின்வாசல் வழியா வர நான் என்ன திருடனாக்கா?" என்றான் அவன். அதை அவள் உள்ளே போய்ச் சொல்வதற்கு முன்பே பெரியவர், "எங்க வீட்டு ஆம்பள பின்வாசல் வழியா வரமாட்டான்," என்றார். தங்கை இருவருக்கும் நடுவில் நின்று தலையில் அடித்துக்கொண்டாள். "ரெண்டு பேருக்கும் ஒரே முதுகெலும்ப வச்சுத் தச்சிருக்கு," என்றாள் தையல்காரரிடம். தையல்காரர், அந்தத் துணியில் தனக்கு வேலை இல்லை என்று நழுவிக்கொண்டார்.

பெரியவர் வேறு வழி திறக்கவில்லை. காலையில் பட்டறைக்குப் போகும்போது ஒரு முறை, மாலையில் வரும்போது ஒரு முறை, கை எட்டும் தூரத்தில் தம்பியைக் கடந்து போனார். பதினோரு வருடத்துக்கு இது ஏழாயிரத்துக்கு மேல் வரும். ஒரு முறையும் முகம் திருப்பிக்கொள்ளவில்லை. ஒரு முறையும் பேசவுமில்லை.

அம்மா பேசினாள். தினமும் விடிந்ததும் ஜன்னலிலிருந்து, "உள்ள வாடா," என்பாள். "வந்துக்கிட்டே இருக்கேன்மா," என்பான் அவன். அது பொய் இல்லை என்பது பெரியவர் ஒருவருக்குத்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை விடியலில், வீட்டில் யாரும் எழுந்திருக்காத நேரத்தில், தம்பி நின்றபடி தூங்கும்போது, அவர் மயிரிழையையும் அளக்கிற வெர்னியரோடு வெளியே வருவார். முதல் வாரம் தம்பியின் முன்வைத்த கால் பதிந்த இடத்தில் எஃகு ஆணி ஒன்றை அறைந்து வைத்திருந்தார். முட்டிபோட்டு, ஆணிக்கும் ஷூவின் மூக்குக்கும் உள்ள இடைவெளியை அளப்பார். அளப்பதற்காக முட்டிபோடுவது வேறு, மற்றது வேறு. அம்மா ஒரு முறை வா என்றால் அவன் அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்கு முன்னால் வந்தான். வருடத்துக்கு முக்கால் அங்குலம். படியை எட்ட முந்நூற்று நாலு வருடம். கூப்பிட வேண்டியவர் கூப்பிட்டால் எவ்வளவு வருவான் என்பதும் பெரியவருக்குத் தெரியும்; அதற்கு வெர்னியர் தேவைப்படவில்லை.

ஆறாவது வருடம் அம்மா இறந்தாள். கடைசி நாள்களில் அவளைக் கட்டிலோடு தம்பியிடம் தூக்கிக்கொண்டு போகலாம் என்று பெரியவரின் மனைவி சொன்னாள். அம்மா மறுத்துவிட்டாள். "அவன் உள்ள வரட்டும். நான் வெளிய போறப்ப எப்படியும் அவனத் தாண்டித்தான் போகணும்." அப்படித்தான் ஆயிற்று. எடுத்தபோது படியிலிருந்து கேட்டுக்குப் போக அவளுக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. கடக்கும்போது தம்பி ஒரு கையால் சவப்பெட்டியின் ஓரத்தைத் தொட்டான். மற்ற கால்கள் எல்லாம் தெருவைப் பார்த்து நடக்க, அவன் கால்கள் மட்டும் வீட்டைப் பார்த்து நடந்துகொண்டிருந்தன. தலைமாட்டில் தோள் கொடுத்திருந்த பெரியவரின் சட்டை அவன் முழங்கையில் உரசியது. வந்திருந்தவர்கள் இப்போதாவது என்று பார்த்தார்கள். அம்மாவின் சாவை அப்படி ஒரு சமாதானத்துக்குச் செலவழிப்பது முறையல்ல என்று பெரியவர் நினைத்தார்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் முட்டிபோட்டு அளந்துகொண்டிருந்தபோது தலைக்கு மேலே குரல் கேட்டது.

"எவ்வளவு வந்திருக்கு?"

பெரியவர் நிமிரவில்லை. "நாலரை அங்குலம்."

"வெர்னியர் சரியா காட்டுதா? பழசு வளஞ்சு போயிருந்துச்சே."

"அது நீ கீழ போட்டது. இது வேற."

"ரெண்டாவது மெஷின்ல பெல்ட் அடிக்குது. தெருக்கோடிலேருந்து இங்க வரைக்கும் கேக்குது."

"மாத்தணும்."

"மாத்துங்க. அறுந்தா ஆள் மேல விழும்."

"தெரியும்."

பெரியவர் எழுந்து நின்றார். இருவரும் ஒரே உயரம். அந்தச் சொல் தொண்டையைத் தாண்டி நாக்குக்கு வந்து பல்வரை வந்துவிட்டது. இவன் முடித்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லட்டும், பிறகு பார்க்கலாம் என்று அதைக் கடித்து விழுங்கினார். அன்று வலது கடைவாயில் தொடங்கிய பல்வலி பிறகு நிற்கவே இல்லை. பல் மருத்துவர் இரண்டு பல்லைப் பிடுங்கினார். சொத்தை இல்லாத, நல்ல பற்கள். வலி பல் இல்லாத இடத்தில் இருந்தது. பெல்ட்டை மறுநாளே மாற்றினார்கள். அந்த வாரம்தான், எல்லாரும் போன பிறகு, அந்தப் பாதி போல்ட்டை அவர் மெஷினில் மாட்டி மீதி மரையை வெட்டினார். நாற்பது வருடக் கை அது. ஆனாலும் விட்ட இடத்தில் மரை சேரவில்லை. நகத்தால் தடவினால் தட்டியது. அதை யாருக்கும் காட்டாமல் மேசை இழுப்பறையில் போட்டார்.

அம்மாவின் குரல் போனபின் வருடத்துக்கு அரை அங்குலம்தான். தங்கையின் குரல் அவ்வளவுதான் இழுத்தது. பதினோராவது வருடம் ஆணியிலிருந்து ஏழு அங்குலம் வந்திருந்தான். பட்டறையில் வரைபடத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்த பெரியவர் அப்படியே சரிந்து விழுந்தார். ஒரு பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. அவரைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் தம்பியைக் கடந்து உள்ளே போனார்கள். இனி அந்தச் சொல்லை அவர் சொல்ல நினைத்தாலும் சொல்ல முடியாது என்று டாக்டர் தங்கையிடம் சொன்னார். வேறு வார்த்தைகளில் சொன்னார், பொருள் அதுதான். தங்கை வெளியே வந்து தம்பியிடம், "இன்னும் எதுக்குடா நடக்குற? வா சொல்ல இனி ஆளில்ல," என்றாள். "ஆரம்பிச்சாச்சேக்கா," என்றான் அவன்.

மதிய வேளைகளில் பெரியவரை நாற்காலியில் வைத்துப் படியருகே காற்றாட உட்காரவைத்தார்கள். அண்ணனும் தம்பியும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பத்தொன்பதாவது நாள், சாப்பாட்டுக்குப் பின், பெரியவரின் இடது கை முகத்தருகே எழும்பி, விரல்கள் தன் பக்கமாக மூன்று முறை மடங்கின. தம்பி அடுத்த எட்டு வைத்தான். அது முன்னால் விழுந்தது. அதற்கடுத்ததும் விழுந்தது. எண்ணி எட்டு எட்டில் படியேறி வந்து நாற்காலியின் முன்னால் நின்றான்.

"முடிச்சிட்டேண்ணே."

பெரியவரின் வாய் அசைந்தது. ஒன்றும் வரவில்லை. தம்பி சற்று நேரம் காத்திருந்துவிட்டு, நாற்காலியின் அருகே தரையில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினான். நாற்பத்துமூன்று நாள் அண்ணனுக்கு அவன்தான் எல்லாம் செய்தான், பாதியில் விடவில்லை. பெரியவர் போனபின் பட்டறையைத் திறந்தான், இழுப்பறையில் போல்ட்டைக் கண்டான், நகத்தால் தடவிப் பார்த்துவிட்டு அங்கேயே போட்டான். தூங்கும்போது அவன் கால்கள் இன்றும் நடக்கின்றன. போர்வை கிழிகிறது, தங்கை தைத்துக் கொடுக்கிறாள். சாம்பல் புல் வருடத்துக்கு இரண்டு முறை பூக்கிறது.

கடைசியில் பெரியவர் மனம் இளகித் தம்பியைக் கைகாட்டி அழைத்தார் என்று ஊரில் சொல்கிறார்கள். மருந்துக்கடைக்காரர் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிக் கண் கலங்குகிறார். அது தவறு. அன்று படியருகே இருந்தவள் பெரியவரின் மனைவி ஒருத்திதான். சாதம் ஊட்டி வாயை அவள் இன்னும் துடைத்திருக்கவில்லை. அவர் விரட்டியது ஒரு ஈயை.